காலை எடுத்த பிறகு யார் மிதிக்கிறார்கள்? க்ரூஸ் கன்ட்ரோல், கரும்பாலை வழியாக

கவுந்தப்பாடிப் பக்கம் இருக்கும் என் மாமா, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தார். எடுத்த வாரமே கோவையில் ஒரு கல்யாணம். பெருந்துறை பேக்கரியில் ஆளுக்கொரு டீ, ஒரு தேங்காய் பன். பைபாஸ் ஏறியதும் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வலது காலை மடக்கி வைத்துக்கொண்டார். "பாரு கண்ணு, இனி வண்டியே போவும்."

போனது. முள் 80-ல் ஒட்டிக்கொண்டது போல நின்றது. விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி மறுபடி அதே பட்டன், அதே 80. கொஞ்ச தூரத்தில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தடத்தில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்துவிட்டது. அதன் பின்பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாமாவின் கால் இன்னும் மடங்கியே இருந்தது. "மாமா, பிரேக்குங்க!" என்று நான் கத்திய பிறகுதான் மிதித்தார். பின்சீட்டில் அத்தை மடியில் இருந்த சீர்த்தட்டு, வெற்றிலை பாக்கோடு முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அதுவே புடிச்சுக்கும்னு சொன்னாங்களே!"

"எதைப் புடிச்சுக்கும்னு சொன்னாங்க?"

"வேகத்தை."

"வேகத்தைப் புடிக்குமுங்க மாமா. லாரியை யாரு பாக்கறது?"

கோவை வந்து சேரும் வரை இதே பேச்சுதான். எனக்குக் கன்ட்ரோல் பேனல் போடுகிற வேலை; மில்லுக்கும் பம்புக்கும் வேகத்தைக் கட்டிப் பிடிப்பது என் அன்றாடப் பிழைப்பு. க்ரூஸ் கன்ட்ரோல் செய்வதும் அதே வேலைதான். அது என்ன செய்கிறது என்பதைவிட, எதைப் பார்த்துச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அன்று காரில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

## ஒரே பேரில் மூன்று சாமான்கள்

முதலில் ஒரு சிக்கலை அவிழ்ப்போம். டீக்கடையில் 'க்ரூஸ்' என்று பேசும்போது மூன்று வெவ்வேறு சாமான்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களிடம் கேட்டால் "எங்க வண்டியில எப்பவோ வந்துருச்சுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது ஸ்பீடு லாக். சட்டப்படி சரக்கு வண்டிகளில் மாட்டுவது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாது. அது ஒரு கூரை மாதிரி. கூரைக்குக் கீழே எந்த வேகத்தில் போவது என்பது ஓட்டுநர் காலில்தான் இருக்கிறது. காலை எடுத்தால் வண்டி தளர்ந்து நின்றுவிடும்.

க்ரூஸ் கன்ட்ரோல் வேறு. நாம் ஒரு வேகத்தைச் சொல்கிறோம். காலை எடுத்த பிறகும் அந்த வேகத்திலேயே அது ஓட்டுகிறது. மாமா காரில் இருந்தது இதுதான்.

மூன்றாவது, முன்னால் போகும் வண்டியையும் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை. அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் என்று பெயர். ஏதோ வீடியோவில் மாமா பார்த்தது இதை. காரில் இருந்தது இரண்டாவது, மனசில் இருந்தது மூன்றாவது. சீர்த்தட்டு பறந்தது இந்த இடைவெளியில்தான்.

## பெடலைப் பிடிப்பதும் வேகத்தைப் பிடிப்பதும்

பலரும் நினைப்பது இப்படி: பட்டனை அமுக்கினால் ஆக்சிலரேட்டர் அந்த இடத்திலேயே இறுகிவிடும், அதனால் வேகமும் மாறாது. பெடல் மேல் ஒரு செங்கல்லை வைத்த மாதிரி.

செங்கல் வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சமதளத்தில் 80-ல் போகிற வண்டி, ஒரு மேம்பாலம் ஏறும்போது 70-க்கு இறங்கும். பாலம் இறங்கும்போது 90-க்கு ஓடும். மிதி மாறவில்லை, வேகம் மாறிவிட்டது. வேகம் மாறக் கூடாது என்றால் மிதி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மேட்டில் வாலைத் தொட்டு "ஹை" என்பார்கள், பள்ளத்தில் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள், சமதளத்தில் தூங்குவார்கள். வண்டி ஒரே நிதானத்தில் வீடு வந்து சேரும்.

ஆக, க்ரூஸ் கன்ட்ரோல் பெடலை இறுக்குவதில்லை. வேகத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதற்காக, நொடிக்குப் பல தடவை மிதியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. நம் கால் செய்த வேலையை ஒரு கணக்கு செய்கிறது.

## கரும்பாலைக் கொட்டகையில் ஒரு க்ரூஸ் கன்ட்ரோல்

மாமாவுக்கு இதை விளங்கவைக்க வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவர் சின்ன வயசில் அவர்கள் தோட்டத்தில் கரும்பாலை ஓடியது. பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகிற ஊர் ஆயிற்றே. கரென்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் ஆலையை ஆட்டியது ஆயில் எஞ்சின்.

"மாமா, உருளைக்குள்ள கரும்பைத் திணிச்சதும் எஞ்சின் சத்தம் என்னங்க ஆகும்?"

"மொனகும். டக்கு டக்குன்னு ஓடினது, டொக்... டொக்னு எறங்கும். அப்புறம் பொகையைக் கக்கிட்டு எந்திரிச்சுக்கும்."

"எந்திரிக்க வெச்சது யாருங்க? யாராச்சும் போய் டீசலைக் கூட்டிவிட்டாங்களா?"

"யாரு போறா? கவர்னர் பார்த்துக்கும்."

அவ்வளவுதான். கவர்னர் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு எடைக் குண்டுகள், ஒரு ஸ்பிரிங், ஒரு நெம்புகோல். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும். ராட்டினம் வேகமெடுக்கும்போது தொட்டில்கள் வெளியே வீசுமே, அது போல. விரியும்போது நெம்புகோல் டீசலைக் குறைக்கும். எஞ்சின் தளர்ந்தால் ஸ்பிரிங் குண்டுகளை உள்ளே இழுக்கும், நெம்புகோல் டீசலைக் கூட்டும். கரும்பு விழுந்தது என்று கவர்னருக்குத் தெரியாது. உருளையில் கரும்பா, கல்லா, காற்றா என்பது அதற்கு ஒரு பொருட்டும் இல்லை. வேகம் குறைந்தது, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

நீராவி எஞ்சினுக்கு இந்தக் குண்டுகளை ஜேம்ஸ் வாட் மாட்டியது 1788-ல். இருநூறு வருஷத்துக்கும் மேலாகியும் அடிப்படை மாறவில்லை. இருக்கும் வேகத்தை அளப்பது, வேண்டிய வேகத்தோடு ஒப்பிடுவது, வித்தியாசத்தைப் பார்த்து எரிபொருளைக் கூட்டுவது அல்லது குறைப்பது, மறுபடி அளப்பது. இப்படி விளைவைத் திரும்ப அளந்து அடுத்த வேலையைத் தீர்மானிப்பதற்குப் பின்னூட்டம் என்று பெயர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்வதும் இதேதான்: மட்டம் ஏறினால் குழாயை மூடும், இறங்கினால் திறக்கும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால், க்ரூஸ் கன்ட்ரோல் என்பது காருக்குள் இருக்கும் கவர்னர். கரும்புக்குப் பதில் மேடு, காற்று, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள்.

## காருக்குள் குண்டுக்குப் பதில் என்ன இருக்கிறது?

வேகத்தை அளக்க இப்போது குண்டு தேவையில்லை. சக்கரத்தோடு சுழலும் ஒரு பல்வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சென்சார், அதாவது பல் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு கொடுக்கும் சின்னக் கருவி. 80-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. சாதாரணக் கார்ச் சக்கரம் அதற்குள் 11, 12 சுற்று சுற்றிவிடும். வளையத்தில் 48 பல் இருந்தால் நொடிக்கு ஐநூறுக்கும் மேற்பட்ட துடிப்புகள். துடிப்பை எண்ணினால் வேகம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்: அது எண்ணுவது சக்கரத்தை. சாலையை அல்ல.

ஒப்பிடும் வேலை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு. வேலை செய்யும் கை, த்ராட்டில். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் வட்டத் தகடு ஒன்று கதவு போலத் திறந்து மூடும், அதுதான் த்ராட்டில். பெட்ரோல் வண்டியில் இந்தக் கதவு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதற்கேற்ற இழுவை. டீசல் வண்டியில் கம்ப்யூட்டர் டீசல் அளவையே நேராகக் கூட்டிக் குறைக்கும்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடும். அப்போதைய க்ரூஸ் கன்ட்ரோல் அந்தக் கதவை இழுக்கத் தனியாக ஒரு கருவியே வைத்திருந்தது. இப்போது கேபிள் போய்விட்டது. பெடல் என்பது "இவ்வளவு வேண்டும்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சுவிட்ச் மாதிரிதான். கதவைத் திருப்புவது ஒரு சின்ன மோட்டார். அந்த மோட்டார் ஏற்கெனவே கம்ப்யூட்டர் கையில் இருப்பதால், க்ரூஸ் கன்ட்ரோல் கொடுக்கப் பெரிதாக எதையும் புதிதாக மாட்ட வேண்டியதில்லை. நடுத்தர விலைக் கார்களிலும் இந்தப் பட்டன் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## எவ்வளவு கூட்டுவது?

கொஞ்சம் கணக்கு வரும். ஆனால் எனக்குப் பிடித்த இடமும் இதுதான், அதனால் நிதானமாகவே போகிறேன்.

'வேகம் குறைந்தால் கூட்டு' என்று சொல்வது சுலபம். எவ்வளவு கூட்டுவது? எண்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 80-ல் போக, த்ராட்டில் நூற்றுக்கு 15 பங்கு திறந்தால் போதும். கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு சட்டம் கொடுக்கிறோம்: "80-க்கு எத்தனை கிலோமீட்டர் குறைகிறதோ, ஒவ்வொன்றுக்கும் 2 பங்கு கூடுதலாகத் திற."

இப்போது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேருக்கு நேர் அடிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பதே இந்தக் காற்றை நம்பித்தான். இந்தக் காற்றில் 80-ல் போக 15 போதாது, 25 வேண்டும் என்று வையுங்கள். 10 பங்கு கூடுதல். நம் சட்டப்படி 10 பங்கு கூடுதல் கிடைக்க வேண்டுமானால் வேகம் 5 கிலோமீட்டர் குறைந்திருக்க வேண்டும். வண்டி ஏறக்குறைய 75-ல் போய் நின்றுகொள்ளும். ஒருவேளை 80-க்கு ஏறினால் குறைவு பூஜ்யம், கூடுதலும் பூஜ்யம், த்ராட்டில் மறுபடி 15, வண்டி மறுபடி தளரும். இந்தச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்காற்றில் 80-ஐ எட்டவே முடியாது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டென்று ஒன்று சொன்னார். "ஆலையிலயும் அப்படித்தான் கண்ணு. கரும்பு உள்ள இருக்கற வரைக்கும் எஞ்சின் எந்திரிச்சுக்கும், ஆனா வெறும்ன ஓடுற சத்தத்துக்கு வராது. ஒரு நூல் தாழ்ந்தேதான் ஓடும்." ஐம்பது வருஷத்துக்கு முன்னால் காதில் விழுந்ததை இன்னும் வைத்திருக்கிறார். குண்டு கவர்னரின் இயல்பே அதுதான். சுமை ஏறியிருக்கும் வரை வேகம் ஒரு பிடி குறைந்தே நிற்கும். எஞ்சினியரிங் படித்த பையன்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆகியிருக்கிறது.

சரி, 2 பங்குக்குப் பதில் 20 பங்கு என்று சட்டத்தை முறுக்கினால்? அரைக் கிலோமீட்டர் குறைந்ததும் 10 பங்கு திறந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டி ஒன்றரை டன் எடை. திறந்த அடுத்த கணமே வேகம் வந்துவிடாது. வருவதற்குள் கம்ப்யூட்டர் இன்னும் திறக்கும், அப்புறம் தாண்டி ஓடும், மூடும், தளரும், திறக்கும். மெக்கானிக்குகள் இதை ஹன்டிங் என்பார்கள். எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊளையிடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தலை ஆடும்.

இதற்கு விடை, கடைக்காரர் வைத்திருக்கும் பற்று நோட்டு. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு குறைந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவது. குறைவு இருக்கும் வரை கூட்டுத்தொகை ஏறும், அதற்கேற்ப த்ராட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். வேகம் 80-ஐத் தொட்டதும் புதுசாக எழுத ஒன்றும் இருக்காது. ஆனால் ஏற்கெனவே எழுதிய தொகை அப்படியே இருக்கும். அந்தத் தொகைதான் எதிர்காற்றுக்குத் தேவையான 10 பங்கைத் தாங்கிப் பிடிக்கிறது. காற்று நின்றால் வேகம் 80-ஐத் தாண்டும். அப்போது நோட்டில் வரவு எழுதிக் கழித்துக்கொள்ளும்.

மூன்றாவதாக ஒன்று சேர்ப்பார்கள்: வேகம் எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்ப்பது. பால் காய்ச்சும்போது, பொங்கி விளிம்புக்கு வந்த பிறகா அடுப்பை அணைக்கிறோம்? சரசரவென்று ஏறுவதைப் பார்த்ததும் கை போய்விடுகிறதல்லவா. 79-லிருந்து 80-க்கு வண்டி பாய்ந்து வந்தால் முன்கூட்டியே கொஞ்சம் மூடு, ஊர்ந்து வந்தால் விடு. இவ்வளவுதான்.

இப்போதைய குறைவு, சேர்ந்த குறைவு, மாறும் போக்கு, இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் கணக்குக்கு பிஐடி என்று பெயர். 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்புவதற்காக இதை எழுத்தில் வடித்தார். இன்று ஸ்பின்னிங் மில், பம்பு, கொதிகலன் எங்கே போனாலும் இந்த மூன்றெழுத்து இருக்கும். காரில் இருப்பது இதே வடிவத்திலோ, இதை ஒட்டிக் கொஞ்சம் மெருகேற்றிய வடிவத்திலோ இருக்கும்.

மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் வண்டி 82, 83 என்று கொஞ்சம் துள்ளுவதைக் கவனித்திருக்கலாம். கோளாறு அல்ல. ஏறும்போது நோட்டில் சேர்ந்த பாக்கியைக் கழிக்கச் சில நொடி ஆகிறது.

## பட்டன்களும் பிரேக்கும்

செட் என்பது 'இப்போது போகும் வேகத்தைப் பிடி'. கேன்சல் என்பது 'விடு'. ரெஸ் என்பது 'முன்பு சொன்ன வேகத்துக்குத் திரும்பு'. கூட்டல், கழித்தல் குறிகள் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற. பெரும்பாலான கார்களில் 30, 40-க்குக் கீழே செட் ஆகாது. ஊருக்குள் போட வேண்டிய சாமான் இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது.

பிரேக்கைத் தொட்டால் போதும், க்ரூஸ் கழன்றுவிடும். பெடலின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கியர் மாற்றும் வண்டியில் கிளட்சிலும் ஒன்று இருக்கும். ஏன் என்று யோசித்தால் சுவாரசியம். கிளட்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. வண்டி தளரும். க்ரூஸ் கழலாமல் இருந்தால், "அடடா, வேகம் குறைகிறதே" என்று த்ராட்டிலை மேலும் மேலும் திறக்கும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச்சேராது; எஞ்சின் மட்டும் அலறும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் கழலாது. முந்துவதற்கு மிதித்து 95 போய்விட்டுக் காலை எடுத்தால், தானாக 80-க்கு வந்து நிற்கும்.

ரெஸ் பட்டன் பற்றி ஒரு எச்சரிக்கை. பைபாஸில் 95 என்று செட் செய்திருப்பீர்கள். இறங்கி, சர்வீஸ் ரோட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, எஞ்சினை அணைக்காமலே கிளம்பி, 45-ல் போகும்போது ஞாபகமறதியாக ரெஸ்ஸைத் தொட்டால் வண்டி 95-ஐ நோக்கிப் பாயும். அது சொன்னதைத்தான் கேட்கிறது. நமக்குத்தான் என்ன சொன்னோம் என்று மறந்துவிட்டது.

## தொப்பூர் இறக்கத்தில் என்ன ஆகும்?

இங்கேதான் மாட்டுவண்டிக்காரருக்கும் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் வித்தியாசம். அவரிடம் தார்க்குச்சியும் உண்டு, கயிறும் உண்டு. இதனிடம் தார்க்குச்சி மட்டும்தான். த்ராட்டிலைத் திறக்கும், முழுசாக மூடும். பெரும்பாலான சாதாரண க்ரூஸ்கள் பிரேக்கைத் தொடவே தொடாது.

தொப்பூர்க் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கமாக இறங்கும்போது, த்ராட்டிலை முழுக்க மூடினாலும் வண்டியின் எடையே அதைத் தள்ளிக்கொண்டு போகும். 80 என்று சொன்னது 90 ஆகும், 100 ஆகும். க்ரூஸ் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் முன்னால் நின்ற வண்டிகள் மேல் ஏறியிருக்கின்றன என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கம் என்றால் கழற்றிவிடுங்கள். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு உள்ள திம்பத்தில் க்ரூஸ் போடுவது பற்றி மாமா கேட்டார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

மழைக்கும் இதே பதில்தான். சென்சார் எண்ணுவது சக்கரத்தை என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. சாலையில் தண்ணீர் தேங்கி டயர் தண்ணீர் மேல் ஏறிவிட்டால், சக்கரம் சுற்றுவதற்கும் வண்டி போவதற்கும் சம்பந்தமே இருக்காது. புதுக் கார்கள் சக்கரம் வழுக்குவதைக் கண்டுபிடித்துத் தாமே க்ரூஸைக் கழற்றிவிடும். ஆனால் பெடலில் கால் வைத்து ஓட்டுபவருக்கு வழுக்கல் காலிலேயே தெரியும், கால் தானாக மேலே வரும். மடக்கி வைத்த காலுக்கு அது தாமதமாகத்தான் தெரியும்.

## லாரியைப் பார்க்கும் வகை

அடாப்டிவ் க்ரூஸில் காரின் முன்முகத்தில் ரேடார் இருக்கும், அல்லது கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, அல்லது இரண்டும். ரேடார் என்பது ரேடியோ அலையை அனுப்பி, அது முன்வண்டியில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தையும், அந்த வண்டி எவ்வளவு வேகத்தில் விலகுகிறது அல்லது நெருங்குகிறது என்பதையும் அளப்பது. அதே கவர்னர் கணக்குதான். வேகத்தோடு இடைவெளி என்ற இரண்டாவது எண்ணும் சேர்கிறது, கையில் பிரேக்கும் கிடைக்கிறது. தார்க்குச்சியோடு கயிறும் வந்துவிட்டது.

இடைவெளியை அது மீட்டரில் வைப்பதில்லை, நொடியில் வைக்கிறது. 2 நொடி இடைவெளி என்றால் 80-ல் 44 மீட்டர். 40-ல் 22 மீட்டர் போதும். நம் ஊரில் 44 மீட்டர் இடம் காலியாக இருந்தால் அதில் ஒரு பஸ், ஒரு மினி டெம்போ, இரண்டு பைக் நுழைந்துவிடும் என்பது வேறு கதை. ஒவ்வொரு தடவையும் வண்டி பதறிப் பின்வாங்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சாலையில் நின்றுகொண்டிருக்கும் பொருளைப் பல அடாப்டிவ் க்ரூஸ்கள் நம்பகமாகக் கவனிக்காது. காருடன் கொடுக்கும் கையேடுகளிலேயே இப்படி எச்சரித்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. ரேடாருக்குச் சாலையோரக் கம்பம், பெயர்ப்பலகை, பாலத்தின் தூண் எல்லாமே நிற்கும் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. அதனால் ஓடுகிற பொருளுக்கு முதல் மரியாதை. ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரியும், எதிர்த்திசையில் வரும் பைக்கும் உள்ள சாலையில் ஓட்டுபவர்கள், இந்த ஒரு வரியையாவது கையேட்டில் தேடிப் படிக்க வேண்டும்.

இன்றைய க்ரூஸ் கன்ட்ரோலுக்கு முன்னோடியான கருவியை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஐந்து வயசிலேயே இரண்டு கண்ணும் போனவர். வக்கீல் ஒருவர் கார் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போவாராம். வக்கீல் பேசும்போது வண்டி தளரும், கேட்கும்போது வேகமெடுக்கும்; அந்தத் துள்ளல் பொறுக்காமல்தான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது, 1958-ல் க்ரைஸ்லர் கார்களில் வந்தது.

## சரி, மைலேஜ் கிடைக்குமா?

மாமாவின் கடைசிக் கேள்வி இதுதான். நம் ஊர்க்காரர் வேறு எதில் முடிப்பார்?

சமதளத்தில், காலியான சாலையில் கிடைக்கும். காரணம், கால் தேவையில்லாமல் கூட்டிக் குறைப்பது நின்றுபோகிறது. மேடு பள்ளத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நல்ல ஓட்டுநர் ஏற்றத்தில் வேகம் கொஞ்சம் விழட்டும் என்று விட்டு, இறக்கத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். க்ரூஸுக்கு அந்த விட்டுக்கொடுத்தல் தெரியாது. 80 என்றால் மேட்டிலும் 80. அதைவிடப் பெரிய விஷயம், என்ன வேகத்தைச் சொல்கிறீர்கள் என்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80-ஐ 100 ஆக்கினால் கால் பங்குதான் கூடுகிறது, காற்று எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. 100-ல் க்ரூஸ் போட்டுவிட்டு மைலேஜ் தேடுவது வீண்.

கல்யாணத்துக்குப் போகும்போது மீட்டர் லிட்டருக்கு 15 காட்டியது. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் அதே சாலையில், அதே 80-ல் பவானிப் பக்கம் திரும்பினோம். 19 வந்தது. "பாத்தியா கண்ணு, போகப் போகப் பழகிக்குது" என்றார்.

ஈரோடு கடல் மட்டத்திலிருந்து 180 மீட்டர் போல உயரம். கோவை 400-க்கு மேல். போகும்போது தெரியாமல் ஏறிக்கொண்டே போனோம், கணவாய்க் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு. வரும்போது காற்று முதுகில், தரை இறக்கத்தில். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். பின்சீட்டில் அத்தை, காலியான சீர்த்தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவின் வலது கால் இந்தத் தடவை மடங்கவில்லை. பிரேக்குக்கு மேலேயே நின்றிருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.